கோட்டக்கா கேட்ட ஒரு மணி நேரம்

பட்டறையில் அவளுக்குக் கோட்டக்கா என்றுதான் பெயர். லென்சும் சமதளக் கண்ணாடியும் தேய்க்கிற இடம் அது. மெருகேறி வந்த கண்ணாடியின் மேல், துல்லியமாகச் சமமான அளவுக் கண்ணாடியை வைத்து, மஞ்சள் விளக்கடியில் தெரியும் கறுப்புக் கோடுகளைப் படிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. இரண்டு கண்ணாடிக்கும் இடையில் மாட்டிக்கொண்ட மெல்லிய காற்றுப் படலத்தின் மேல்பக்கத்திலிருந்தும் அடிப்பக்கத்திலிருந்தும் ஒளி திரும்பி வரும். அலைகள் மேட்டோடு மேடாகச் சேர்ந்தால் வெளிச்சம். மேடும் பள்ளமும் சந்தித்தால் இருட்டு. கோடு நேராக இருந்தால் கண்ணாடி சமம். வளைந்தால் எங்கோ மேடு பள்ளம் இருக்கிறது, தலைமுடியை இருநூறாகக் கிழித்தால் வரும் ஒரு கூறளவுக்கு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் கண்ணுக்கு அந்தக் கூறு தப்பாது.

அன்று தொலைநோக்கிக்கான பெரிய கண்ணாடியைப் பார்க்க வாங்குபவரின் பரிசோதகர் வந்திருந்தார். மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் தேற்றிய கண்ணாடி அது. பரிசோதகர் பெரிய படிப்புப் படித்த மனிதர். அளவுக் கண்ணாடியை உள்ளங்கையில் ஏந்தி, முதலாளியோடு ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் பெரிய கண்ணாடியின் மேல் வைத்தார். கோடுகள் புருவம்போல வளைந்து நின்றன. பள்ளம் இருக்கிறது, இந்தக் கண்ணாடியை வாங்க முடியாது என்றார். முதலாளி உடனே அதை மெஷினில் ஏற்றித் தேய்க்கச் சொன்னார்.

அவள் மறித்துக்கொண்டு நின்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கூத்தை அவளே அடித்திருக்கிறாள். கைச்சூட்டில் அளவுக் கண்ணாடி துளி வீங்கியது தெரியாமல், இல்லாத பள்ளத்தைச் சரிசெய்கிறேன் என்று நல்ல கண்ணாடியை நாள் முழுக்கத் தேய்த்துப் பாழாக்கினாள். அன்று அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. இதையும் ஏற்றினால் அதே கதிதான்.

"பள்ளம் கண்ணாடியில இல்ல சார். உங்க கைச்சூடு அது. ரெண்டு கண்ணாடியையும் ஒரு மணி நேரம் இப்படியே யாரும் தொடாம விடுங்க. அப்பவும் வளைஞ்சிருந்தா நான் வேலையை விட்டுப் போயிடறேன்."

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. பரிசோதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பொறுக்கமாட்டாமல் முதலாளி இரண்டு தடவை கண்ணாடிப் பக்கம் கையை நீட்டினார். பாலுக்கு வந்த பூனையை விரட்டுவதுபோல அவள் விரட்டினாள். அவளுக்கும் உள்ளே படபடப்புதான், ஆனால் சந்தேகம் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து விளக்கைப் போட்டார்கள். நூல் பிடித்தாற்போல அத்தனை கோடும் நேர்.

பரிசோதகர் குனிந்து, ஒன்றுக்கு மூன்று முறை பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஒப்புதல் தாளில் பட்டறை சார்பில் கையெழுத்துப் போட வழக்கம்போல முதலாளி பேனாவைத் திறந்தார்.

"நீங்க இல்ல. பாத்தவங்க போடட்டும்" என்றார் பரிசோதகர், அவளைக் காட்டி.

அவள் நெஞ்சு நிமிர்ந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவசரப்படாமல், அந்த இடம் நிறைய முழுப் பெயரையும் எழுதினாள்.