ஐஸ் லொறிக்காரரின் பெயர்

நிந்தவூர்ப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கும் நஸீறாவை, அவ்வளவாகக் கதைக்காத மனுசி என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். கல்முனைக்குடியில் அவளுக்கு ஒரு புருசனும் நாலு வயது மகளும் இருந்தார்கள் என்பதும், சுனாமி இருவரையும் கொண்டுபோய்விட்டது என்பதும் அங்கே பாடசாலை அதிபரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஆங்கில தினப் போட்டிக்கு ஹுஸ்னியா என்ற பத்தாந்தர மாணவி பேச்சுத் தயாரித்தாள். இங்கிலாந்தின் பழங்கதை வீரர்கள் மெய்யாக வாழ்ந்தவர்களா என்பது தலைப்பு. காட்டில் ஒளிந்திருந்து பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்த வில்லாளி, கல்லில் செருகிக் கிடந்த வாளை உருவிய அரசன், இப்படியானவர்கள்.

"இருந்தவங்களா மிஸ், இல்லையா? ஒண்டச் செல்லுங்க."

"ஒண்டச் செல்ல ஏலா. அந்த வில்லாளிட பேர்ல தலைமறைவா இருந்த ஆக்கள் கன பேர் பழைய வழக்குப் பதிவுகள்ல இருக்காங்க. ஆர் அவர் எண்டு தெரியா. அரசன்ட கதைய எழுதினதே அவர் இருந்ததாச் செல்லுற காலத்துக்குச் சில நூறு வருசம் பொறகு. பல பேர் செஞ்சது ஒரு பேர்ல வந்து சேந்திருக்கும்."

"அப்ப எங்கட ஐஸ் லொறிக்காரர் மாதிரித்தான்" என்று ஹுஸ்னியா சிரித்தாள். "சுனாமிக்குள்ள லொறிய ஓட்டிப் போய் நாப்பது புள்ளையளக் காப்பாத்தினாராம். கடைசியாப் போனவர் வரவே இல்லையாம். கல்முனை ஆள், சரீப் எண்டு பேர். நீங்க கேள்விப்படல்லயா மிஸ்?"

நஸீறா இல்லை என்று தலையாட்டிவிட்டு வகுப்பை விட்டு வெளியே வந்தாள். சரீப் அவளுடைய புருசன்.

சுனாமி நாளில் முதலாவது அலை வடிந்தபோது அவளும் சரீப்பும் மகள் ஸப்னாவும் பள்ளிவாசல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "கடக்கரையில புள்ளையள் கத்துதுகள். இந்தா வந்திடுறன்" என்று சொல்லிவிட்டு சரீப் லொறியை நோக்கி ஓடினான். "போகாதீங்க, ஸப்னாவப் பிடிங்க" என்று அவள் கத்தியது அவனுக்குக் கேட்டதோ என்னவோ. அடுத்த அலையில் ஸப்னா அவளுடைய கையிலிருந்து நழுவினாள். பிள்ளையை அடுத்த நாள் அடக்கம் செய்தார்கள். சரீப் கிடைக்கவே இல்லை. அவனுடைய லொறி மட்டும் ஒரு சுவரில் சாய்ந்தபடி தெருவோரத்தில் நெடுநாள் நின்றது. சிவப்பு எழுத்தில் 'சரீப் ஐஸ்' என்று அதில் எழுதியிருந்தது.

இத்தனை வருடமும் அவள் மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள். இப்போது அந்தத் திட்டுக்கு இடமில்லாமல் போகலாம் என்று தோன்றியது. நாற்பது வேண்டாம், அவன் தூக்கிவிட்ட ஒரு பிள்ளை உயிரோடு இருந்தால் போதும். ஸப்னாவை அவன் விட்டுவிட்டுப் போனதற்கு ஒரு காரணமாவது இருக்கும்.

அதன் பிறகு தினமும் பாடசாலை விட்டதும் அப்படி ஒரு பிள்ளையைத் தேடப் புறப்பட்டுவிடுவாள். ஹுஸ்னியாவின் வாப்பா முனாஸ், மீன் மார்க்கட்டில் ஹாதிக் என்பவர் சொல்லிக் கேட்டதாகச் சொன்னார். ஹாதிக்குக்குச் சொன்ன அவருடைய மச்சான் மௌத்தாகி அடக்கப்பட்டிருந்தார். கதை எல்லோரிடமும் இருந்தது. ஓரிடத்தில் அறுபது பிள்ளைகள், இன்னோரிடத்தில் லொறி தண்ணீருக்கு மேலேயே ஓடியது. அதில் ஏறிய பிள்ளை ஒன்றைக்கூட எவருக்கும் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு அவளுடைய குரலே கெஞ்சலாகிப்போனது.

கடைசியில் ஒரு தையல்காரர், பாண்டிருப்பில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் டிலக்சன் அப்படித் தப்பியவன் என்றார். அடுத்த பஸ்ஸிலேயே அவள் போய்ச் சேர்ந்தாள்.

விசயத்தைக் கேட்டதும் டிலக்சன் எழுந்து நின்றுவிட்டான். "ஓம் டீச்சர், என்னைத் தூக்கினவர்தான். எனக்கு அப்ப அஞ்சு வயசு. நீங்க அவர்ர மனிசியா? படம் இருக்கா? அந்த முகத்த ஒருக்காப் பாக்கோணும் எண்டு எத்தினை வருசமாத் தேடுறன்."

அவள் ஃபோனில் இருந்த படத்தை நீட்டினாள். அவன் அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தான்.

"தாடி?"

"அவர் தாடி வெச்சதில்ல."

"அவருக்குத் தாடி முழுக்க நரைச்சிருந்தது. உழவு மெசினுக்குப் பின்னால இழுக்கிற பெட்டிக்குள்ள என்னைப் போட்டார்."

"லொறி இல்லயா மகன்?"

"இல்லை. பேர் நான் கேக்கல்ல. பிறகு ஆக்கள்தான் அது சரீப் எண்டு சொன்னாங்க. அந்த லொறி பேரோட நிண்டதுதானே."

சரீப்புக்கு அப்போது முப்பத்தொரு வயது. தலையில் ஒரு நரைகூட இல்லை. நஸீறா கதிரையில் உட்கார்ந்தாள். பெயர் எழுதிய லொறி ஒன்று தெருவில் நின்றதால், யாரோ ஒரு கிழவர் செய்ததும் இன்னும் யார் யாரோ செய்ததும் அந்தப் பெயரில் ஏறிவிட்டன. சரீப் கடற்கரை வரை போனானா என்பதுகூட இனித் தெரியப்போவதில்லை.

"நான் சின்னப் பிள்ளைதானே, பிழையாக் கண்டிருப்பன்." டிலக்சனின் கண் கலங்கியிருந்தது. "இவர்தான் எண்டு சொல்லுங்க டீச்சர். நானும் ஒரு படத்தை வெச்சுக் கும்பிடலாம்."

ஓம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவனுக்கு ஒரு முகம் கிடைக்கும், அவளுக்கு, சரீப் காப்பாற்றிய ஒரு பிள்ளை கிடைக்கும். அந்த நரைத்தாடிக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது.

"அவர் இல்ல மகன்" என்றாள். பிறகு அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா யோசிச்சிப் பாருங்க. கடக்கரப் பக்கமா ஒரு ஐஸ் லொறி போனத நீங்க காணல்லயா? ஒரு இளம் ஆள்?"

"தண்ணியும் கத்தலும்தான் ஞாபகம் டீச்சர்."

அவள் கடையை விட்டு ரோட்டுக்கு வந்தபோது அக்கரைப்பற்று பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் நிந்தவூர், நிந்தவூர் என்று கூப்பிட்டான். அவள் ஏறவில்லை. ரோட்டைக் கடந்து கடற்கரைப் பக்கத் தெருவுக்குள் போய் முதல் வீட்டின் கேற்றைத் தட்டினாள். எட்டிப் பார்த்த பெண்ணிடம், "சுனாமியில உங்கட வீட்டில ஆரையும் லொறியில ஏத்திக் காப்பாத்தினவங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண் இல்லை என்றாள். நஸீறா அடுத்த கேற்றுக்குப் போனாள்.