பதினாறாவது பந்தயம்

சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், டேபிள் ஃபேன் கம்பியில் படிந்த தூசி வாடையும், வேலைக்குக் கிளம்பும் அக்காவின் பவுடர் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தால், மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய எங்கள் ஒற்றை அறை வீட்டில் காலை மணி எட்டு என்று அர்த்தம். அந்த ஃபேன் எங்களுக்காகச் சுற்றியதில்லை. மே மாத வெயிலில் நாங்கள் நான்கு பேரும் வியர்வையில் ஊறிக்கொண்டிருக்க, அது ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

அப்பா கோடம்பாக்கத்தில் லைட்மேன். யாரோ ஒரு மேனேஜர், தன் மகன் புதுசு வாங்கிவிட்டான் என்று கொடுத்த பழைய வீடியோ கேம் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைப் போலக் கொண்டுவந்தார். கூடவே ஒரே ஒரு சிடி. நான்கு சக்கரமும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றை ஆள் கார்களின் பந்தயம் அது. மற்ற கேம்களில் இடித்தால் எதிரியின் கார் பறக்கும். இதில் லேசாக உரசினாலே நம் சக்கரம் கழன்று தனியே உருண்டுவிடும். தெருப் பையன்கள் அதற்கு ‘மூடி இல்லாத வண்டி’ என்று பேர் வைத்தார்கள். “இன்னாடா இது, மீன்பாடி வண்டிகூட இத்தவிடத் தாங்கும்” என்ற எதிர்வீட்டு சேகர் அதற்குப் பிறகு விளையாட வரவில்லை. நான் முதல் வளைவைத் தாண்டியதே அபூர்வம். என் கார் சாலையில் ஓடியதைவிடப் புல்வெளியில் மேய்ந்ததே அதிகம்.

அக்காதான் ஓட்டினாள். எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு இருபத்திரண்டு. ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். யாரையும் இடிக்க மாட்டாள். முன்னால் போகும் இரண்டு கார்களைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து, வளைவில் அவை ஒரு முழம் விலகும் நேரம் பார்த்து நடுவில் புகுந்து வெளியே வந்துவிடுவாள். எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

“தீவாளிக் கூட்டத்துல கடைக்குப் போய் வர்றேன்ல, ஒருத்தன் கை மேல படாம? அத்தவிடவாடா இது?” என்றாள். அப்போது அதைப் பெருமைப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

பதினாறு பந்தயம் சேர்ந்தது ஒரு சீசன். வேலைக்குப் போகுமுன் தினம் ஒன்று ஓட்டத்தான் அவளுக்கு நேரம் இருந்தது. ஆடியதைச் சேமித்து வைக்க மெமரி கார்டு வேண்டும். அது எங்களிடம் இல்லை. பெட்டியை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால், டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டியை ராப்பகலாக ஓடவிட்டோம். வெடித்துவிடும் என்று அம்மா பயந்தாள். “ஷாட் முடியிற வரைக்கும் லைட்ட அணைக்கக் கூடாது” என்பது அப்பாவின் தொழில் வேதம். வீட்டிலிருந்த ஒரே ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தவரும் அவர்தான். “பொட்டி சூடாவாம பாத்துக்கோ. மன்சனுக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம்” என்பார்.

இரண்டு சீசன்களை மின்வெட்டு தின்றது. மூன்றாவதை அக்கா ஆரம்பித்தபோது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கொட்டிவாக்கத்து மாப்பிள்ளை, சொந்த ஆட்டோ. “இந்த சீசன முடிக்காம நான் எந்த வூட்டுக்கும் போவ மாட்டேன், சொல்லிட்டேன்” என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அதை எழுதிக் கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டேன்.

பதினைந்து பந்தயங்கள் முடிந்தன. அக்கா முதலிடத்தில் இருந்தாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள். கடையில் சொல்லிக்கொண்டு வர அவள் போயிருந்தாள். அம்மாவும் அப்பாவும் மண்டபத்துக்குப் போயிருந்தார்கள். நான் பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. இனி மறுபடியும் பதினாறு காலைகள். அதுவரை மண்டபமும் சமையல்காரரும் மாப்பிள்ளையும் காத்திருப்பார்கள் என்பது என் திட்டம். பள்ளிக்கூடத்தில் என்னை முதல் பெஞ்சில் உட்கார வைக்காததற்குக் காரணம் இருந்தது.

பிளக் இன்னும் கையில் இருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“இன்னாடா ஆச்சு?”

“கரண்ட் போச்சுக்கா.”

அவள் முந்தானை காற்றில் படபடத்தது. பெட்டியைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த ஃபேனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“கரண்ட் போனா நாம இன்னா பண்ண முடியும்” என்றாள். குனிந்து, ஃபேனை என் பக்கமாகத் திருப்பினாள். “மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுது பாரு.”

மூன்றாம் நாள் தாலி கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று வெறும் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: கரண்ட் போன வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திருட்டுத்தனத்துக்கும் கொஞ்சம் மூளை வேண்டும்.

கொட்டிவாக்கம் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. ஆனாலும் அவளுக்கு அப்புறம் ஒரு காலை எட்டு மணி சும்மா அமையவே இல்லை. பண்டிகைக்கு வரும்போது, “ஒரு ரேஸ் போடறியாக்கா?” என்று கேட்பேன். “கை மறந்துபோச்சுடா” என்பாள். உண்மையைச் சொல்லிவிட நினைத்து வாய் திறக்கும்போதெல்லாம் ஒரு ஜோக்தான் வந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் ஜோக்தான் சொன்னேன். சிரித்தாள். மறுநாள் இல்லை.

அப்பா எப்போதோ போய்விட்டார். எங்கள் ஒற்றை அறை இருந்த இடத்தில் நகைக்கடையின் பார்க்கிங் இருக்கிறது. அக்கா யார் கையும் படாமல் நடந்த கூட்டத்தின் தலைக்கு மேல் இன்று ஒரு நடைமேம்பாலம் போகிறது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ரிச்சி தெருவில் பழசாக அதே பெட்டியை, அதே சிடியை, இம்முறை மெமரி கார்டோடு வாங்கிவந்தேன். ஆபீஸ் போகுமுன் தினம் ஒரு பந்தயம், யாரையும் இடிக்காமல். இடம் விடுகிறேன், விடுகிறேன், எல்லோரும் போய்விடுகிறார்கள். பதினைந்து முடிந்து பதினோராவது இடத்தில் இருக்கிறேன்.

பதினாறாவதை ஆரம்பிக்கவில்லை. ஒரு வாரமாகப் பெட்டி ஓடிக்கொண்டேயிருக்கிறது.

“அதான் கார்டுல ஏறிடுச்சே, ஆஃப் பண்ணா இன்னா?” என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி. நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஃபேனைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புகிறேன்.