இரண்டாவது துளை

மகளின் கல்யாணப் படத்தை ஐந்தடிக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கியிருந்தேன். அதை மாட்ட வந்தவர் ஒல்லியானவர். புருவத்தில்கூட சிமெண்ட் தூசி. வந்ததும் விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"நாலு இஞ்சு சுவரு அண்ணாச்சி. அந்தப் பக்கம் உள்ளவங்க சரின்னு சொன்னாத்தான் டிரில்ல வப்பேன்."

அந்தப் பக்கம் இருப்பது என் அண்ணன். தாராவியில் இருந்த ஒரே வீட்டைக் குறுக்கே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள் நாங்கள். மகள் கல்யாணத்துக்கு அண்ணனை நான் அழைக்கவில்லை.

"அங்க பேச்சுவார்த்தை கிடையாது. நீங்க போடுங்க" என்றேன்.

அவர் டிரில்லைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். "யாராவது சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா?"

வேறு வழியில்லை. சுவரை ஓங்கித் தட்டினேன். "பிள்ள கல்யாணப் படம் மாட்ட ஓட்டை போடுதோம். தள்ளி இருங்க!"

பிறகு அண்ணனின் குரல் கேட்டது. "ம், போடு."

நான்கு வருடத்தில் எங்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

முதல் துளை விழுந்தது. தூசி அடங்குமுன் மறுபடியும் அண்ணன் பேசினான்.

"படத்துல பிள்ள நல்லா இருக்காளா?"

நான் படத்தின் மேல் விழுந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏணியில் நின்றவர் இரண்டாவது இடத்தில் டிரில்லை வைத்தார். ஆனால் விசையை அழுத்தவில்லை.

"கேக்காங்கல்லா, அண்ணாச்சி" என்றார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் என் வாயிலிருந்து பதில் வரும்வரை அவர் அந்த இரண்டாவது துளையைப் போடவே இல்லை.