ராமசாமி இல்லை

ஐயாவு அண்ணன் என்மேல் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எழுபத்தொன்பதில் நான் ஆனக்கல்லு ரப்பர் தோட்டத்துக்குச் சின்னக் கிராணியாகப் போனேன். லகாட்டிலிருந்து மண் ரோட்டில் நாலு கல். என் வீடு குனோங் ராபாட்டில். தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவேன். மழைக்காலத்தில் முழங்கால்வரை செம்மண்ணோடுதான் நாற்காலியில் உட்காருவேன். ஆபிஸில் எழுதுகிற வேலைக்குப் பெரிய கிராணியும் நானும். மற்ற எல்லா வேலைக்கும் ஐயாவு அண்ணன்.

அவர் பால்மரம் வெட்டியவர். காலில் மரக்கிளை விழுந்து நடை கோணலான பிறகு ஆபிஸுக்கு மாற்றிவிட்டார்கள். கூட்டுவார், தபால் எடுத்து வருவார், தேத்தண்ணீர் கலக்குவார், டெலிபோன் எடுப்பார். டெலிபோன் என்றால் சுவரில் மாட்டிய மரப்பெட்டி. பக்கத்தில் கைப்பிடி. அதைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் ஒரு மலாய்க்கார அம்மாள் வருவாள். அவளிடம் நம்பரைச் சொன்னால் இணைத்துவிடுவாள். எங்கள் நம்பர் இருபத்தேழு. அவ்வளவுதான், இரண்டே இலக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறந்து வைத்துவிட்ட மழைக்கோட்டை எடுக்க ஆபிஸுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஐயாவு அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டெலிபோனுக்குக் கீழே நின்றிருந்தார். பத்து மணிக்கு அது அடித்தது. எடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“ராமசாமியா? தா அடா,” என்றார். தா அடா என்றால் மலாய் மொழியில் ‘இல்லை’ என்று பொருள். வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“யாருண்ணே ராமசாமி?”

“எங்கப்பா. செத்து இருபது வருசமாச்சி.”

சும்மா விடுவேனா? கேட்டுக் கேட்டுக் கதையை வாங்கினேன். அவருக்கு ஒரே மகன், சீனி. வெட்டுக்காட்டு வேலைக்கு வரமாட்டேன் என்று அவன் சொன்னதற்கு, காலைப் பெரட்டில் பேர் கூப்பிட அத்தனை பேரும் கூடியிருந்த இடத்தில் இவர் அவனை அறைந்திருக்கிறார். இனி என் மூஞ்சியில் முழிக்காதே என்றும் சொல்லியிருக்கிறார். அவன் அப்படியே முழிக்காமல் போய்விட்டான். எழுபத்துநாலில் சிங்கப்பூருக்குப் போனவன், கப்பல் பட்டறை வேலை, வேலையாட்கள் சேர்ந்து தங்கும் கொங்சி வீடு, இன்று ஒன்று, நாளை வேறொன்று. விலாசம் கிடையாது. கடிதம் கிடையாது.

ஆனால் போகும்போது அம்மாவிடம் ஓர் ஏற்பாடு சொல்லிவிட்டுப் போனான். அந்தக் காலத்தில் வெளியூருக்கு ஆளைக் குறிப்பிட்டு டெலிபோன் போடலாம். அந்த ஆள் இருந்தால்தான் காசு. இல்லை என்று சொல்லிவிட்டால் காசில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு பத்து மணிக்கு அவன் தாத்தா ராமசாமியைக் கேட்பான். இல்லை என்று சொல்ல வேண்டும். அவன் கேட்டால் அவன் நலம். அப்பா குரலில் ‘இல்லை’ என்று கேட்டால் வீட்டில் எல்லாரும் நலம். ஏதாவது ஆபத்து என்றால் பத்துமலை என்ற பெயரைக் கேட்பான். அப்போது மட்டும் பேசவேண்டும். பத்துமலையை அவன் ஒருமுறையும் கேட்டதில்லை.

“மகன்கிட்ட நேராப் பேசினா என்னண்ணே கொறஞ்சி போச்சி?” என்று கேட்டேன்.

“பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்,” என்றார். “அவன் மூச்சு விடுறது எனக்குக் கேக்கும்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு பேருமே சரியான பிடிவாதக்காரர்கள். ஆனால் வேறொருவன் வீட்டு விஷயம், வாயை மூடிக்கொண்டேன்.

எண்பத்துமூன்று செப்டம்பரில் கடிதம் வந்தது. பழைய எக்ஸ்சேஞ்சை மூடுகிறார்கள். அக்டோபர் பதினைந்திலிருந்து எல்லாம் தானியங்கி. மரப்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய், எண்ணைச் சுழற்றுகிற புது டெலிபோன் வைப்பார்கள். நம்பரும் மாறும், இனி ஆறு இலக்கம். பெரிய கிராணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான்தான் கடிதத்தை ஐயாவு அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். “பழைய நம்பருக்குப் போட்டா?”

“வராதுண்ணே.”

“அவனுக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அக்டோபர் இரண்டு, முதல் ஞாயிறு. அன்றைக்கு அவன் கூப்பிடும்போது ராமசாமி இருக்கிறார் என்று சொல்லி, எடுத்துப் பேசி, புது நம்பரைக் கொடுத்துவிட வேண்டும். பெரிய கிராணியிடம் நானே அனுமதி வாங்கினேன். ஆறு இலக்கத்தையும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவருக்கு அட்டை தேவைப்படவில்லை. மூன்று நாளில் மனப்பாடம். தேத்தண்ணீர் கலக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

வீட்டிலும் ஒத்திகை நடந்தது. அவர் மனைவி நல்லம்மாள் அக்காதான் எக்ஸ்சேஞ்ச் அம்மாள். அடுப்படியிலிருந்து “ராமசாமி இருக்காரா?” என்று கேட்பாராம். இவர் வாசலில் நின்று “இருக்காரு, பேசுறேன்” என்பாராம். அக்காவே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். “நீங்களும் அன்னிக்கு வாங்களேன்க்கா,” என்றேன். “நான் வந்தா அழுதுருவேன் கிராணியாரே. அவன் பயந்துருவான். அவரே சொல்லட்டும்லா,” என்றார்.

அன்றைக்கு நானும் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. பத்து மணிக்கு அடித்தது. ஐயாவு அண்ணன் எடுத்துக் காதில் வைத்தார். நான் பக்கத்திலேயே நின்றதால் அந்த மலாய்க்கார அம்மாளின் குரல் எனக்கும் கேட்டது.

“ஹலோ, ராமசாமி அடா?” ராமசாமி இருக்கிறாரா?

“தா அடா,” என்றார்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒன்பது வருடமாகச் சொன்ன வார்த்தை, நாக்கு அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அந்த அம்மாள் உடனே வைக்கவில்லை. அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். மாதாமாதம் செத்துப்போன ஒருவரை விசாரித்தவள் அவள்தானே. எக்ஸ்சேஞ்ச் மூடப்போவதும் அவளுக்குத் தெரியும்.

“பெத்துல் தா அடா?” என்று மெதுவாகக் கேட்டாள். உண்மையிலேயே இல்லையா?

கையை நீட்டினேன். பிடுங்கி நான் பேசியிருக்கலாம். ஓர் எட்டுதான். ஆனால் அப்பனும் மகனும் பேசுகிற இடத்தில் நாம் எப்படி நுழைவது என்று ஒரு மரியாதை, கண்றாவி மரியாதை, கை பாதியிலேயே நின்றுவிட்டது.

“தா அடா,” என்றார் மறுபடியும்.

க்ளிக்கென்றது. அதற்குப் பிறகுதான் ஐயாவு அண்ணன் புது நம்பரைச் சொன்னார். ஆறு இலக்கத்தையும் வரிசையாக, நிதானமாக, ஒன்றுகூடத் தவறாமல் சொன்னார்.

நான் கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றினேன். அந்த அம்மாள் பதறிப்போய் சிங்கப்பூருக்கு முயன்றாள். கூப்பிட்டவர் பொது டெலிபோனிலிருந்து பேசியவர், போய்விட்டார் என்று பதில் வந்தது. என்னிடம் அவள் வருத்தம் தெரிவித்தாள். ஐயாவு அண்ணன் துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே கூட்டியிருந்த தரையை இன்னொரு தடவை கூட்டினார்.

பதினைந்தாம் தேதி ஆட்கள் வந்து மரப்பெட்டியைக் கழற்றினார்கள். சுவரில் நாலு ஓட்டை மிச்சம். சாம்பல் நிறத்தில் புது டெலிபோன் மேசைமேல் உட்கார்ந்தது. சீனியைத் தெரிந்தவர்கள் யாராவது சிங்கப்பூரில் இருக்கிறார்களா என்று சிம்பாங் பூலாய்வரை போய் விசாரித்தேன். ஒருவரும் அகப்படவில்லை. எண்பத்தாறில் நான் வேலையை விட்டு வரும்வரை சீனியிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை.

எண்பத்துமூன்று நவம்பர் முதல் ஞாயிறு, தீபாவளி முடிந்து இரண்டாவது நாள். நல்லம்மாள் அக்காவும் அன்றைக்கு ஆபிஸுக்கு வந்தார். புதுச் சேலை. கையில் எனக்கென்று முறுக்கு. மூவரும் அந்தச் சாம்பல் டெலிபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்தும் ஆனது, பத்தரையும் ஆனது. எனக்கு அழுகைகூட வரவில்லை. முறுக்கைத் தின்றேன்.

பதினொரு மணிக்கு அக்கா கேட்டார். “கிராணியாரே, இந்நேரம் அவன் பழைய நம்பரக் கேட்டிருந்தா அங்க என்ன சொல்லிருப்பாங்க?”

“அப்படி ஒரு நம்பரே இல்லன்னு சொல்லிருப்பாங்கக்கா.”

அக்கா சேலை நுனியால் மேசைமேல் சிந்திய முறுக்குத் தூளைத் துடைத்தார்.

“இல்லன்னு சொன்னா போதும்லா,” என்றார். “நாங்க நல்லா இருக்கோம்னு நெனச்சிக்குவான்.”

ஐயாவு அண்ணன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.