கதவுக்கு வெளியே போன தோம்னினா

எங்கள் அந்தியோக்கியாவில் பந்தய மைதானத்து வாசலில் வேகவைத்த கொண்டைக்கடலை விற்றவள் தோம்னினா. வாயைத் திறந்தால் சத்தியம்தான். "என் தலைமேல சத்தியமா இன்னைக்கு வெந்தது" என்பாள். நேற்று வெந்ததாக இருக்கும். சத்தியம் செய்வது பாவம்; அந்த வாய் அடங்கட்டும், பிறகு ஞானஸ்நானம் வாங்கலாம் என்று தள்ளிப்போட்டே தலை நரைத்துவிட்டது. அதுவரை கோயிலில் அவள் காதெகூமெனே, அதாவது வெறும் கேட்பவள். பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே போய்விட வேண்டும். கதவைச் சாத்திய பிறகுதான் பிஸ்தோய், அதாவது ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிகள் நாங்கள், நற்கருணை அப்பம் வாங்குவோம்.

போன குளிர்காலத்தில் அவளுக்குக் கடுங்காய்ச்சல். பிழைக்க மாட்டாள் என்று குருவானவர் வீட்டுக்கே வந்து படுக்கையில் வைத்தே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். பெண்களுக்கு எண்ணெய் பூசுவது என் ஊழியம், நான்தான் பூசினேன். வயிற்றில் எதுவும் தங்காததால் அப்பம் கொடுக்கவில்லை. ஆனால் பிழைத்துக்கொண்டாள், கடவுளுக்கு நன்றி.

அடுத்த வீட்டு அந்தூசா சும்மா இருப்பாளா? இருவருக்கும் கிணற்றடிச் சண்டை பழசு.

"சாவுக்குப் பயந்து படுத்துக்கிட்டே சேர்ந்தவதானேடி நீ? எங்ககூட நிப்பியா?"

 தோம்னினா என்னிடம் மட்டும் சொன்னாள்: "அக்கா, அந்த அப்பத்தை ஒரு தடவை கையில வாங்கிட்டாத்தான் நானும் உள்ள ஆளுன்னு நம்புவேன்."

உடம்பு தேறிய முதல் ஞாயிற்றுக்கிழமை, புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் உடுத்தும் வெள்ளை உடுத்தி வந்தாள். பிரசங்கம் முடிந்தது. "கேட்கிறவங்க வெளிய போங்க!" என்று திருத்தொண்டர் கூவினார். பழக்கதோஷம்! முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிட்டாள். நான் விளக்கைத் தூண்டிவிட்டுத் திரும்புவதற்குள் வாசல்காரர் மாரிஸ் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். ஆயரே வந்தாலும் பிறகு திறக்க மாட்டார். 

"கதவைத் திறய்யா!" அந்தூசாவின் கிணற்றடிக் குரல்.

"சாத்தினா சாத்தினதுதாம்மா."

"எங்காளு ஒருத்தி வெளிய நிக்கிறா! அவ இல்லாம எப்படிய்யா ஆரம்பிப்பீங்க?"

கோயிலே சிரித்துவிட்டது. மாரிஸ் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் தோம்னினா. விசுவாசிகள் ஒருவருக்கொருவர் சமாதான முத்தம் கொடுக்கும் நேரம் அது. அந்தூசா அவளை இழுத்துக் கன்னத்தில் முத்தமிட்டு, "வாடி உள்ள" என்றாள். அதைப் பார்த்த எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

தோம்னினாவின் உள்ளங்கைக்கு அப்பம் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அந்தூசா பக்கம் திரும்பினாள்.

"என் தலைமேல சத்தி..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிடி."