டெமோ கிளாஸ், எழுபத்திரண்டாம் பக்கம்

எம்.ஏ. தமிழ் இரண்டு வருடம், பி.எட். இரண்டு வருடம். பல்கலைக்கழகப் பட்டம் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

இன்று சமயநல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர் வேலைக்கு டெமோ கிளாஸ். ஒரு பீரியட் நடத்திக் காட்டினால் போதும் என்றுதான் போனில் சொன்னார்கள். அதற்காக மூன்று நாள் உட்கார்ந்து சார்ட் வரைந்தேன்.

எட்டாம் வகுப்பில் சார்ட்டை விரித்ததும் முதல் பெஞ்சுப் பிள்ளை எழுந்தாள்.

“மிஸ், இது முடிஞ்சிருச்சு. நேத்து வந்த டெமோ மிஸ் அறுபத்தெட்டாம் பக்கம் வரைக்கும் நடத்திட்டாங்க.”

“நேத்தும் டெமோவா?”

“தினமும் ஒரு மிஸ் வருவாங்க மிஸ். எங்க தமிழ் மிஸ் வேலையை விட்டு ஒரு மாசம் ஆச்சுல்ல.”

நான் நடத்துவதைப் பார்க்க வகுப்பில் பெரியவர்கள் யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மணி அடித்ததும் பியூன் வந்தார். “டீச்சர், அடுத்து ஒன்பதாம் வகுப்பு. அப்புறம் இன்னும் நாலு பீரியட். அம்புட்டுத்தேன்.”

வேலை வேண்டுமே. போனேன். ஆறு பீரியடும் எடுத்தேன்.

மாலையில் ஆபீஸில், “சொல்லி அனுப்புறோம்மா” என்றார்கள்.

கேட்டருகே அதே பிள்ளை டாட்டா காட்டினாள். நாளைக்கு வருவீர்களா என்று கேட்கவில்லை.

நாளை அங்கே டெமோவுக்குப் போகிற எம்.ஏ., பி.எட். யாராவது இதைப் படித்தால் ஒரு கமெண்ட் போடுங்கள். சார்ட் வேண்டாம், மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் எழுபத்திரண்டாம் பக்கத்தில் விட்டிருக்கிறேன்.