சைக்கிள் கம்பியில் தேன்கூடு

கைபேசியில் ஒரு பெண் நீண்ட கொக்கியில் ஒரு வரிசை நூல் கண்ணிகள் முழுவதையும் ஏற்றி, திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக இறக்கி, தேன்கூட்டுப் பின்னல் காட்டுகிறாள். என் விரல்களில் பழைய கம்பளி நூல் அரித்தது.

வன்னியில், ஒட்டுசுட்டானில் அப்போது எனக்குப் பதினொரு வயது. தையல் வகுப்பில் இதே பின்னலைப் படிப்பித்தார்கள். அப்பா சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக் கொக்கி செய்து தந்தார். நூல்தான் இல்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் கடைகளுக்கு எதுவும் வரவில்லை.

அம்மா தகரப் பெட்டியிலிருந்து தன் நீலச் சுவெட்டரை எடுத்தார். மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வரும்போது போட்டிருந்தது. திரும்பிப் போகும் நாளுக்கென்று அதை வருடாவருடம் வெயிலில் காயவைத்து மடித்து வைப்பார்.

"பிரிச்சுக்க பாப்பா."

"அப்ப ஊருக்குப் போகேக்க குளிருக்கு என்னம்மா போடுவீங்கள்?"

அம்மா கழுத்தோர முடிச்சைப் பல்லால் கடித்தார். நூல் சுருள்சுருளாக வந்தது.

பிழைவிட்டு அவிழ்த்து, மறுபடி பின்னி, மூன்றாம் நாள்தான் உள்ளங்கையளவுக்குப் புடைப்புகள் எழும்பின. அம்மா அந்தத் துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"கதகதன்னு இருக்கு," என்றார்.

அம்மா மலையகத்துக்குத் திரும்பிப் போகவேயில்லை. இப்போது அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிறார்.

"பாப்பா, ரொம்பப் புழுங்குது. அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வையி."